கூடைப்பந்து ஜெர்சி விதி: கேலரி கொதிக்காமல் டோர்னமெண்ட் நடத்துவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கோடை விடுமுறையில் கூடைப்பந்து டோர்னமெண்ட் நடத்துகிறவர்கள் கோட்டுக்குப் பெயிண்ட், ரிங்குக்குப் புது வலை, ஃப்ளட் லைட், வெளியூர் டீமுக்குத் தங்குமிடம், சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் ஆள் போட்டுவிடுவார்கள். ஜெர்சிக்கு மட்டும் பொறுப்பாள் இருக்கமாட்டார். அரையிறுதியன்று இரண்டு டீமும் நீலத்தில் வந்து நிற்கும். கையில் காப்பு போட்ட பையனை நடுவர் வெளியே அனுப்புவார். கேலரியில் இருப்பவர்களுக்குக் காரணம் தெரியாது, கத்துவார்கள். மைக்காரர் சமாளிக்கத் தெரியாமல் பாட்டைப் போடுவார்.

எந்த உடை விதிக்குக் கூட்டம் தலையாட்டும், எதற்குக் கொதிக்கும் என்பதை முன்கூட்டியே கணித்துவிடலாம். ஆட்டத்தைப் பார்க்க உதவும் விதியென்றால் ஒரு முணுமுணுப்பும் வராது. அதை மீறினால்தான் சத்தம் வரும். ஆட்டக்காரரின் தோற்றத்தைத் திருத்தப் பார்க்கும் விதியென்றால் கூட்டம் அவர் பக்கம் போய்விடும். இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன: நகம், நகை, ஊக்கு. காரணத்தைச் சொன்னால் இவற்றை ஏற்றுக்கொள்வார்கள், சொல்லாவிட்டால் சண்டைதான்.

என்.பி.ஏ.வில் பட்ட பாடு

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. உடை விதிகளில் பலமுறை கைவைத்துப் பார்த்திருக்கிறது. 2004 நவம்பரில் டெட்ராய்ட் அரங்கில் இண்டியானா ஆட்டக்காரர்கள் கேலரியில் ஏறி ரசிகர்களோடு அடிதடியில் இறங்கினார்கள். அதற்கு அடுத்த 2005 அக்டோபரில் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் ஆட்டத்துக்கு வெளியேயான உடைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார். சட்டைக்கு மேல் தொங்கும் சங்கிலி, தொப்பி, டீ ஷர்ட், அரங்குக்குள் கூலிங் கிளாஸ் எல்லாம் கூடாது என்றார். நட்சத்திர ஆட்டக்காரர் ஆலன் ஐவர்சன் வெளிப்படையாக எதிர்த்தார். கறுப்பின இளைஞர்களின் தெருப் பாணியைக் குறிவைத்த விதி இது என்று ரசிகர்களில் பலர் அவர் பக்கம் நின்றார்கள். விதி நிலைத்தது, ஆனால் ஆட்டக்காரர்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். பேருந்திலிருந்து இறங்கி உடைமாற்றும் அறைக்குப் போகும் நடையே ஃபேஷன் அணிவகுப்பாகி, இன்று அதைப் படம்பிடிக்கவே தனிக் கேமராக்கள் நிற்கின்றன.

1985-ல் மைக்கேல் ஜோர்டானின் கறுப்பு-சிவப்பு ஷூ விதிக்குப் பொருந்தாது என்று லீக் சொன்னது. நைக்கி அந்தத் தடையையே விளம்பரமாக்கியது. லீக் ஒன்றைக் கூடாது என்றால் ரசிகர்கள் அதைத்தான் வாங்குவார்கள் என்பதை ஷூ கம்பெனி லீக்குக்கு முன்பே புரிந்துகொண்டது. 2018-19 சீசனில் ஷூ நிறக் கட்டுப்பாட்டை லீக்கே எடுத்துவிட்டது.

2013-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கை வைத்த ஜெர்சியோடு இறங்கியது. ரசிகர்களுக்கும் பிடிக்கவில்லை, பந்து எறிகிறவர்களுக்கும் பிடிக்கவில்லை. 2015 நவம்பரில் வேறு டீமின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் ஆட்டத்தின் நடுவிலேயே தன் ஜெர்சியின் இரண்டு கைகளையும் கிழித்துவிட்டார். 2017-ல் ஜெர்சி ஒப்பந்தம் நைக்கிக்கு மாறியதும் கை போனது. ஆனால் சொந்த மண்ணில் வெள்ளை, வெளியூரில் கறுத்த நிறம் என்ற பழைய வழக்கமும் அதே சீசனோடு போய்விட்டது. அதன் பலன் 2021 பிப்ரவரியில் தெரிந்தது. அட்லாண்டா ஹாக்ஸ் சிவப்பில், ஓக்லஹோமா சிட்டி தண்டர் ஆரஞ்சில். யார் யாருக்குப் பந்து கொடுக்கிறார் என்றே புரியாமல் டிவியில் பார்த்தவர்கள் திட்டித் தீர்க்க, இடைவேளையில் தண்டர் வெள்ளைக்கு மாறியது. கோடிக்கணக்கில் செலவழிக்கும் லீக்குக்கே இந்தக் கதி என்றால், நம் கோட்டில் நீலமும் கருநீலமும் மோதுவதில் ஆச்சரியமில்லை.

விதித்தாள் எப்போது, எப்படி

போட்டிக்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பு, நுழைவுக் கட்டணம் வாங்கும்போதே உடை விதித்தாளைக் கையில் கொடுங்கள். திருப்பூரிலோ மதுரையிலோ ஜெர்சி அடித்து வர மூன்று வாரம் வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வு முடியும் சமயத்தில் எல்லாப் பள்ளியும் ஒரே நேரத்தில் ஆர்டர் கொடுப்பதால் அது நான்காகவும் ஆகும். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பினால் கோச் படிப்பார், பையன்களுக்குப் போய்ச் சேராது. ஒரே பக்கம், தமிழில், பெரிய எழுத்தில் அடித்து, கடைசியில் டீம் மேனேஜரின் கையெழுத்துக்கு இடம் விடுங்கள். கேலரியில் சத்தம் வரும்போது அந்தக் கையெழுத்துத்தான் உங்களைக் காப்பாற்றும்.

சொந்தமாக விதி கண்டுபிடிக்க வேண்டாம். சர்வதேசக் கூடைப்பந்து கூட்டமைப்பான ஃபீபாவின் நான்காம் விதியில் வேண்டியது எல்லாமே இருக்கிறது. அதில் உள்ளூருக்கு முக்கியமானவை இவை:

– டீமுக்கு இரண்டு செட் ஜெர்சி. அட்டவணையில் முதலில் பெயர் வரும் டீம் வெளிர் நிறம் (முடிந்தால் வெள்ளை), அடுத்தது கறுத்த நிறம். இருவரும் ஒத்துக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம்.
– ஜெர்சியின் முன்னும் பின்னும் ஒரே முதன்மை நிறம். ஷார்ட்ஸும் அதே நிறம். ஜெர்சியை ஷார்ட்ஸுக்குள் செருக வேண்டும். ஷார்ட்ஸ் முழங்காலுக்கு மேல் முடிய வேண்டும்.
– கை வைத்த ஜெர்சியென்றால் கை முழங்கைக்கு மேலேயே நிற்க வேண்டும்.
– நம்பர் 0, 00, 1 முதல் 99 வரை. முதுகில் 16 செ.மீ., மார்பில் 8 செ.மீ. உயரத்துக்குக் குறையக்கூடாது, நம்பரின் கோடு 2 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். நம்பரை ஒட்டி விளம்பரம், லோகோ கூடாது.
– ஹெட்பேண்ட், ரிஸ்ட்பேண்ட், கை-காலில் போடும் இறுக்கமான உறை (கம்ப்ரஷன் ஸ்லீவ்), டேப் எல்லாம் டீம் முழுக்க ஒரே நிறம். பேண்டின் அகலம் 10 செ.மீ.க்கு மிகாமல்.
– ஷூ எந்த நிறமும் போடலாம். இடதும் வலதும் ஒன்றாக இருக்க வேண்டும்.
– நகை, முடியில் கிளிப், வெட்டாத நகம் கூடாது.

இதற்கு மேல் தலைமுடி ஸ்டைல், தாடி, டாட்டூ பற்றி ஒரு வரி சேர்த்தாலும் 2005-ல் ஸ்டெர்ன் வாங்கியதை நீங்கள் வாங்குவீர்கள். பி.டி. சாருக்கு அவர் பள்ளிப் பையன்களிடம் அந்த உரிமை இருக்கலாம். ஓபன் டோர்னமெண்ட் கமிட்டிக்கு இல்லை.

நிறம்: அதிகச் சத்தம் வரும் இடம்

நிறத்தைப் பகலில், கடை வாசலில் வைத்துப் பார்த்து முடிவு செய்வதுதான் பெரும்பாலான குழப்பத்துக்கு வேர். நம் ஆட்டங்கள் நடப்பது சாயங்காலம் ஆறு மணிக்கு மேல். கோட்டில் பழைய மஞ்சள் சோடியம் விளக்கு இருந்தால் நிறம் பிரிந்து தெரியாது. கருநீலம், கறுப்பு, கரும்பச்சை, மெரூன் எல்லாம் ஒரே இருட்டு. இளமஞ்சளும் வெள்ளையும் ஒன்று. எல்.இ.டி. விளக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் சிவப்பும் ஆரஞ்சும் கேலரியின் மேல் படியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான்.

சோதனை சுலபம். விதித்தாளோடு ஒவ்வொரு டீமிடமும் இரண்டு ஜெர்சியின் போட்டோவையும் வாங்குங்கள். முதல் நாள் காலையில் வந்திருக்கும் ஜெர்சிகளில் அன்றைய ஆட்டங்களுக்கானதை ஜோடி ஜோடியாகக் கோட்டின் நடுவில் தரையில் விரித்து, விளக்கைப் போட்டு, எதிர்ப்பக்கக் கேலரியின் கடைசிப் படியிலிருந்து போனில் படமெடுங்கள். பகலில் விளக்கின் விளைவு முழுதாகத் தெரியாது என்பதால், முடிந்தால் முந்தின இரவே செய்வது நல்லது. படத்தைக் கறுப்பு-வெள்ளைக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே சாம்பல் அளவில் தெரிந்தால் அந்த ஜோடி மோதும். ஒரு டீம் மாற வேண்டும். சிவப்பு-பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் எந்தக் கூட்டத்திலும் சிலர் இருப்பார்கள். இந்தச் சோதனை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

வெள்ளை ஜெர்சிக்கு நம் ஊர்ச் செம்மண் எதிரி. கோட் சிமெண்ட்டாக இருந்தாலும் சுற்றி இருப்பது செம்மண் தரை. பந்து வெளியே உருண்டு போய் வந்தால் போதும், மூன்றாவது ஆட்டத்தில் வெள்ளை ஜெர்சி பழுப்பாகிவிடும். வெளிர் நிறம் என்றுதான் விதி கேட்கிறது. வான நீலமும் வெளிர் சாம்பலும் வெள்ளையின் வேலையைச் செய்யும். ஆனால் சாம்பலில் ஒரு சிக்கல் இருக்கிறது. நடுவரின் சட்டை பெரும்பாலும் சாம்பல் நிறம். ஓட்டத்தில் கடைக்கண்ணால் பார்த்து நடுவருக்கே பாஸ் கொடுத்துவிட்டால் கேலரி ஒரு வாரம் அதைச் சொல்லிச் சிரிக்கும். சாம்பலை விட்டுவிடுங்கள்.

இதே காரணத்துக்காக, வாலண்டியர்களுக்கு ஸ்பான்சர் கொடுக்கும் டீ ஷர்ட்டின் நிறத்தையும் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். ரிங்குக்குப் பின்னால் சிவப்பு டீ ஷர்ட்டில் நாலு பேர் நின்றால் சிவப்பு டீமுக்கு அது தொந்தரவு.

எல்லாம் செய்தும் மோதல் வந்தால் பிப், அதாவது ஜெர்சிக்கு மேல் மாட்டும் கையில்லா மேலுடை, வேண்டும். இரண்டு நிறத்தில், செட்டுக்கு 12 வீதம், முன்னும் பின்னும் நம்பர் போட்டது, ஸ்கோரர் மேசைக்குக் கீழே பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். நம்பர் இல்லாத பிப் பிரயோஜனமில்லை. ஜெர்சி நம்பரை மூடிவிடும், ஃபவுல் யாருக்கு எழுதுவது என்று ஸ்கோரர் திணறுவார். வலைத்துணிப் பிப்பே வாங்குங்கள், மே மாதப் புழுக்கத்தில் ஜெர்சிக்கு மேல் கனத்த துணி போட்டு ஓட முடியாது. எந்த டீம் பிப் போடுவது என்று அங்கே நின்று வாக்குவாதம் செய்ய வேண்டாம். அட்டவணையில் தன் பெயருக்கு உரிய நிறத்தில் வராத டீம் போட வேண்டும், இருவருமே தவறியிருந்தால் டாஸ் என்று விதித்தாளில் முன்பே எழுதிவிடுங்கள்.

நம்பரும் அச்சும்

முன்பு ஃபீபாவில் 4 முதல் 15 வரைதான் நம்பர். 2014-ல் அது மாறியது. நம் பக்கத்தில் பல டீம்களின் பீரோவில் இன்னும் 4-15 செட்தான் இருக்கிறது. அது செல்லும், தூக்கிப் போட வேண்டாம். புது செட் அடிக்கிறவர்கள் 23, 30, 77 என்று தங்கள் நட்சத்திரத்தின் நம்பரைக் கேட்பார்கள், கொடுங்கள். மைக்காரருக்கும் ஸ்கோரருக்கும் மட்டும் நடுவரின் கைச் சைகையைச் சொல்லிக்கொடுங்கள். பெரிய இரட்டை நம்பருக்கு முதலில் கையின் பின்புறம் காட்டிப் பத்தின் இலக்கம், பிறகு உள்ளங்கை காட்டி ஒன்றின் இலக்கம். இது தெரியாமல் 32-ஐ 5 என்று மைக்கில் சொன்னால் ஃபவுல் செய்யாதவரின் ஊர்க்காரர்கள் எழுந்து நிற்பார்கள்.

உயரத்தில் 16, 8 என்பது குறைந்தபட்சம். 20, 10 போடச் சொல்லுங்கள். பழைய புத்தகத்தை வைத்திருக்கும் நடுவருக்கும் அது பொருந்தும். நம்பரின் உட்புறம் ஒரே நிறமாக இருக்கட்டும்.

இந்த ஊர்ப் பெருமைக்காக ஜெர்சியில் கண்டாங்கிக் கட்டம் கேட்பவர்கள் இப்போது உண்டு. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; ஆசை நியாயமானது. கூட்டத்துக்கும் பிடிக்கும். ஆனால் கட்டத்தின் மேல் நம்பர் படிக்காது. அக்குளிலிருந்து இடுப்பு வரை பக்கவாட்டுப் பட்டையில், 6 அல்லது 7 செ.மீ. அகலத்துக்குக் கட்டத்தை நிறுத்துங்கள். ஷார்ட்ஸின் பக்கப்பட்டையிலும் தொடரலாம். மார்பும் முதுகும் வெறும் நிறம். ஆத்தங்குடிக் கல் டிசைனுக்கும் இதே கணக்கு. என்.பி.ஏ.வின் ஊர்ப்பெருமை ஜெர்சிகளிலும் ரசிகர்கள் சொல்லும் புகார்களில் ஒன்று, தூரத்திலிருந்து டீமே அடையாளம் தெரியவில்லை என்பது.

சப்ளிமேஷன் முறையில், அதாவது சூட்டில் மையை ஆவியாக்கி, அடித்தால் மை பாலியஸ்டர் நூலுக்குள்ளேயே இறங்கிவிடும், உரியாது, வெடிக்காது. ஆனால் வெள்ளைத் துணியில்தான் அடிக்க முடியும், பருத்தி கலந்த துணியில் பிடிக்காது. துணி 140 முதல் 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) போதும். ரெடிமேட் கலர் ஜெர்சி வாங்கி வினைல் (பிளாஸ்டிக் தாள்) நம்பரைச் சூட்டில் ஒட்டுவது அவசரத்துக்கு நல்லது, தவறுவதும் அதில்தான். சிவப்பு, மெரூன் பாலியஸ்டரில் சூடு அதிகமாக வைத்து வெள்ளை நம்பரை ஒட்டினால், துணிச் சாயம் மேலேறிச் சில நாளில் நம்பர் ரோஸ் நிறமாகிவிடும். குறைந்த சூட்டில் ஒட்டும் வினைலை, சாயத்தைத் தடுக்கும் அடுக்கு உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். ஒட்டிய முதல் நாள் துவைக்கக்கூடாது. பிறகும் உள்புறத்தை வெளியே திருப்பித்தான் துவைக்க வேண்டும், நம்பர் மேல் இஸ்திரிப் பெட்டி படக்கூடாது. ஓரம் உரிந்த நம்பரை ஊக்கு குத்திச் சமாளித்து வருகிறவர்கள் உண்டு. ஊக்கு சதையைக் கிழிக்கும், அதை நடுவர் விடமாட்டார். மேசையில் வெள்ளையிலும் கறுப்பிலும் 2 அங்குலத் துணி டேப் ஒவ்வொரு உருளை வைத்திருந்தால் நாலு கீற்றில் நம்பரை மறுபடி எழுதிவிடலாம்.

ஆட்டத்தின் நடுவில் ஜெர்சி கிழியும். 2017-ல் நைக்கி ஜெர்சி அறிமுகமான முதல் இரவே லெப்ரானின் முதுகில் நம்பர் கிழிந்து பிரிந்தது. ரத்தம் பட்டாலும் மாற்றித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு டீமும் யாருக்கும் கொடுக்காத ஒரு நம்பரில், பெரிய சைஸில் உபரி ஜெர்சி ஒன்றைப் பெஞ்சில் வைத்திருக்கச் சொல்லுங்கள். மாற்றியதும் ஸ்கோர் ஷீட்டில் குறித்து மைக்கில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஆறாவது ஆள் இறங்கிவிட்டான் என்று எதிர்க் கேலரி எண்ணத் தொடங்கும்.

கயிறு, மாலை, மூக்குத்தி, முக்காடு

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். கையில் சாமிக் கயிறு, காதில் கடுக்கன், பெண்களுக்கு மூக்குத்தி, கால் மெட்டி. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப மாலை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடைப்பயணம் போகிறவர்களும் மாலை போட்டிருப்பார்கள். கழுத்தில் தொங்கும் மாலையோடு ஆட முடியாது. எதிராளியின் விரல் மாட்டினால் இருவருக்குமே ஆபத்து. இந்த மாதங்களில் போட்டி வைத்தால் அதை விதித்தாளில் தனி வரியாகப் போடுங்கள். விரதத்தில் இருப்பவர் வீட்டில் பேசி முடிவெடுக்க அவகாசம் வேண்டும். கோட்டுக்குள் நூறு பேர் பார்க்க மாலையைக் கழற்றச் சொன்னால் விதி எவ்வளவு சரியாக இருந்தாலும் தோற்பது நீங்கள்தான். கழற்ற முடியாத மணிக்கட்டுக் கயிற்றின் மேல் டேப் சுற்றுவதை நடுவர் ஏற்பாரா என்பதை முதல் நாளே தலைமை நடுவரிடம் கேட்டு, எல்லா டீமுக்கும் ஒரே பதிலாகச் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு விட்டு இன்னொருவருக்கு மறுத்தால் அது வேறு சண்டையாக மாறும்.

முக்காடு, தலைப்பாகை விஷயத்தில் பழைய நினைவிலேயே இருக்கும் அதிகாரிகள் உண்டு. 2014-ல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இரண்டு இந்திய சீக்கிய வீரர்களைத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள். அதே ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் ஹிஜாபைக் கழற்ற மறுத்த கத்தார் பெண்கள் அணி ஆட்டத்தையே விட்டுக்கொடுத்தது. உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பி, 2017 அக்டோபர் 1 முதல் விதி மாறியது. இப்போது தலையணி போடலாம். முகத்தை மறைக்கக்கூடாது, முகம், கழுத்துப் பக்கம் ஊக்கு, பட்டன், கட்டு எதுவும் கூடாது, துருத்திக்கொண்டு எதுவும் இருக்கக்கூடாது. தலைவழியாக இழுத்துப் போடும் ஸ்போர்ட்ஸ் ஹிஜாப் பொருந்தும், ஊக்கு குத்திய ஷால் பொருந்தாது. இந்த விதிப் பக்கத்தை அச்செடுத்து மேசையில் வைத்திருங்கள்.

கை மூட வேண்டும் என்று விரும்பும் பெண்கள் டீமுக்கு முழங்கைக்கு மேல் முடியும் கை வைத்த ஜெர்சி, அதற்குக் கீழே ஒரே நிறக் கம்ப்ரஷன் ஸ்லீவ், காலுக்கு ஒரே நிற லெக்கிங்ஸ் எல்லாம் விதிக்குள்தான். தோள் பிடிக்காமல் இருக்க ராக்லான் வெட்டில் (கழுத்திலிருந்து அக்குள் வரை சாய்வான தையல்) தைக்கச் சொல்லுங்கள், என்.பி.ஏ.வில் எறிகிறவர்கள் கத்தியது அந்த இடத்துக்காகத்தான். பெண்களுக்கென்று கூடுதலாக ஒரு விதியும் எழுதக்கூடாது. கோட் அருகே தாழ்ப்பாள் உள்ள அறை ஒன்று இல்லாமல் அவர்களை ஜெர்சி மாற்றச் சொல்லவும் கூடாது. உடையைப் பற்றிக் கேலரியிலிருந்து கமெண்ட் வந்தால் மைக்கில் ஒரே எச்சரிக்கை, அடுத்தது வெளியேற்றம்.

ஆட்ட நாள்

ஆட்டத்துக்கு 40 நிமிடம் முன்பு மேனேஜர் ஆட்டக்காரர் பட்டியலை மேசைக்குக் கொடுக்கும்போதே ஜெர்சிகளையும் காட்டச் சொல்லுங்கள். வாலண்டியர் ஒருவர் பட்டியலை வைத்து நம்பர்களைச் சரிபார்க்கட்டும். 30 நிமிடத்தில் நகை, நகம். நகவெட்டி ஒன்று மேசையில் கயிறு கட்டிக் கிடக்கட்டும், இல்லாவிட்டால் முதல் நாளே காணாமல் போகும். கழற்றிய நகைக்குப் பெயர் எழுதிய காகித உறை. அதை டீம் மேனேஜரிடமே கொடுங்கள், கமிட்டி வாங்கி வைக்க வேண்டாம். வாலண்டியர் குறையைச் சொல்லலாம். முடிவு நடுவருடையது.

விசில் அடித்த பிறகு கண்ணில் பட்ட குறைக்கு அந்த ஆட்டக்காரர் சரிசெய்துகொண்டு வரட்டும், அவ்வளவுதான். உடைக்காகப் புள்ளி கழிப்பது ஃபீபா விதியில் இல்லை. டீமையே நீக்குவதாக மிரட்டினால் கூட்டத்தில் பாதி எழுந்து போய்விடும். ஸ்பான்சர் மிச்சப் பாதியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மைக்காரருக்கு எழுதியே கொடுத்துவிடுங்கள். "நடுவர் 7-ம் நம்பரை வெளியே அனுப்பியது கையில் காப்பு இருப்பதால். கழற்றியதும் உள்ளே வருவார். இது ஃபவுல் இல்லை." விசில் அடித்தவுடன், கேலரி தானாக ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொள்வதற்குள், இதைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டக்காரர் பெயரைச் சொல்லி நையாண்டி செய்யும் மைக்காரரை, எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும், அடுத்த ஆட்டத்துக்கு மாற்றிவிடுங்கள். தொடக்கத்திலும் இடைவேளையிலும் எந்த டீம் எந்த நிறம் என்று சொல்வது நல்லது. பஸ் பிடித்துத் தாமதமாக வருகிறவர்கள் பாதிப் பேர்.

ஆட்டம் முடிந்தபின் உடை பற்றிய புகாரை மேனேஜர் எழுத்தில் மட்டும், 15 நிமிடத்துக்குள் கொடுக்கலாம் என்று வையுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் இரவு பதினொரு மணிக்கு வரும் குரல் பதிவுக்குக் கமிட்டி பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எந்த ஜோடி நிறம் குழப்பியது, எந்த நம்பர் படிக்கவில்லை என்று கேலரியில் இருந்தவர்கள் சொல்வதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த வருட அட்டவணை போடும்போது அது கைகொடுக்கும். பிப்களை அன்றிரவே எண்ணி வாங்கி, தண்ணீரில் அலசிக் காயப்போடுங்கள். வியர்வையோடு பெட்டியில் மூடி வைத்தால் மறுநாள் எந்த டீமும் அதைத் தலையில் போடாது.